ஒயின் செய்யறவங்க வேலை முடிஞ்சா என்ன குடிப்பாங்க? வடசென்னைல அண்ணனோட சுத்துன நாட்கள்

வியாழன், தண்டையார்பேட்டை

நாள் பூரா ஒயினோடவே கெடக்கற ஒருத்தரு வேலை முடிஞ்சு அக்கடானு உக்காந்தா என்ன குடிப்பாரு? ரொம்ப நாளா எனக்குள்ள இருக்கற கேள்வி இது, பதில் சொல்ல எங்க குடும்பத்துலயே ஆள் இருக்காரு. பெரியம்மா பையன், தண்டையார்பேட்டைல பொறந்து வளந்தவரு, பயோடெக் படிச்சிட்டு நாசிக் பக்கம் ஒரு கம்பெனில ஒயின் மேக்கரா இருக்காரு. அறுவடை முடிஞ்சு லீவுல வந்திருக்காருனு பெரியம்மா போன்ல சொன்னதும் மதுரைலேர்ந்து பஸ் ஏறிட்டேன். அன்னன்னைக்கு நடந்தத அன்னன்னைக்கு ராத்திரியே எழுதி போடறேன்.

சென்ட்ரல்லேர்ந்து மெட்ரோ. 2021 பிப்ரவரில விம்கோ நகர் வரைக்கும் நீட்டுனதுக்கப்புறம் இந்த பக்கம் வர்றது எவ்ளோ சுலபமாயிடுச்சுனு பெரியம்மா சொல்லிட்டே இருப்பாங்க, நெசந்தான், மண்ணடி வண்ணாரப்பேட்டை எல்லாம் பூமிக்கு அடியிலயே தாண்டி தண்டையார்பேட்டைல மேல வந்தா நேரா வெயில் மூஞ்சில அடிக்குது. அண்ணன் ஸ்டேஷன் வாசல்லயே நின்னாரு. கை ரெண்டும் காப்பு காச்சு போய், நகக்கண்ணுல இன்னும் ஊதா கலர் கறை. "இது போவாதுடா, மே மாசம் வரைக்கும் இருக்கும்"னாரு.

நாசிக்ல அறுவடை ஜனவரில ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் போகுமாம். ஐரோப்பால ஆகஸ்ட் செப்டம்பர்ல வெட்டுவாங்க, நம்ம நாட்டுல அப்ப மழை கொட்டும், அதனால கொடிய வருஷத்துக்கு ரெண்டு தடவ கெளைய வெட்டி கவாத்து பண்ணி, ஏப்ரல் வாக்குல ஒண்ணு, மழை ஓயற செப்டம்பர் அக்டோபர்ல இன்னொண்ணு, பழம் குளிர் காலத்துல பழுக்கற மாதிரி பண்ணிருக்காங்க. அந்த மூணு மாசம் தூக்கம்னு ஒண்ணு கெடையாது. பழம் சூடேறக்கூடாதுனு விடியறதுக்கு முன்னாடியே வெட்டி கொண்டாருவாங்க, எறக்கணும், பிழியணும், டேங்க்ல ஏத்தணும், சிவப்பு ஒயின்ல தோலெல்லாம் மேல மெதந்து கெட்டியா நிக்கும் அத அமுக்கி விட்டுக்கிட்டே இருக்கணும், ஒரு லிட்டர் சாறு புளிச்சு முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட 50 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும், அதனால டேங்க் ரூமுக்குள்ள காத்தோட்டம் இல்லாம கால் வைக்கவே கூடாது. எல்லாத்துக்கும் மேல கழுவறது. ஓஸ் பைப்ப புடிச்சுக்கிட்டு தரை, டேங்க், குழாய், கூடைனு கழுவிக்கிட்டே இருக்கறது தான் பாதி வேலைங்கறாரு. நடுவுல ஒவ்வொரு டேங்க்லயும் கொஞ்சம் எடுத்து வாய்ல ஊத்தி சுழட்டி பாத்து துப்பணும். தெனம், எல்லா டேங்க்லயும்.

"சரிண்ணே, இதெல்லாம் முடிஞ்சு சாயங்காலம் என்ன குடிப்பீங்க?"

"பீர் தான், வேற இன்னா."

சந்தேகமே இல்லாம டக்குனு சொன்னாரு. ஒயின் வேலைல இருக்கற ஆளுங்க மத்தியில ஒரு பேச்சே உண்டாம், நல்ல ஒயின் செய்யணும்னா நெறைய பீர் வேணும்னு. இவரு நடுவுல ஒரு அறுவடைக்கு பிரான்ஸ்ல லுவார் நதி பக்கம் போயி வேலை பாத்தாரு, நாசிக்ல நெறைய போடற செனின் பிளாங்க் திராட்சைக்கு அது தான் சொந்த ஊரு, அங்கயும் அறுவடை சமயத்துல பிரிட்ஜ் பூரா பீர் தானாம்.

காரணம் கேட்டா நாக்க பத்தி ஒரு பாடமே எடுத்தாரு. புளிப்ப அளக்கற பிஹெச்னு ஒரு கணக்கு, நம்பர் கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தி, ஒயினோட பிஹெச் 3லேர்ந்து 3.8க்குள்ள இருக்கும், நல்ல புளிப்பு, பல்லு எனாமல் 5.5க்கு கீழ போனாலே கரைய ஆரம்பிக்கும், அதனால நாள் பூரா டேஸ்ட் பண்றவங்களுக்கு பல்லு கூசும், டேஸ்ட் பண்ண உடனே பிரஷ் பண்ணவும் கூடாது. சிவப்பு ஒயின்ல இருக்கற டானின், தோல்லயும் விதையிலயும் வர்ற துவர்ப்பு, அது எச்சில்ல இருக்கற புரோட்டீனோட போய் ஒட்டிக்கும், வாய் வறண்டு போகும். அந்த வாய்க்கு சில்லுனு, நுரையா, லேசா கசப்பா, புளிப்பு கம்மியா ஒண்ணு வேணும். அதோட ஒயின்னா 13 சதவீதம் ஆல்கஹால், பீர்னா 5 கிட்ட, மறுநாள் விடியக்காலைல எழுந்து ஓஸ் பைப்ப புடிக்கணும்ல.

கடைசியா அவரு சொன்னது தான் எனக்கு மனசுல நின்னுச்சு. "ஒயின கைல எடுத்தா அது என்னிய கேள்வி கேக்கும்டா. புளிப்பு சரியா, மூக்குல ஏதாவது தப்பு கீதா, இன்னும் எவ்ளோ நாள் வைக்கலாம்னு. பீர் ஒண்ணும் கேக்காது."

பெரியம்மா வீட்டுல பீர் பேச்சே எடுக்க முடியாது. அவங்க கணக்குல பையன் வேலை பாக்கறது "திராட்சை கம்பெனி". ராத்திரி தெரு முனைல கண்ணாடி டம்ளர்ல டீ. மாஸ்டர் கிட்டயும் கேட்டேன், நீங்க என்னண்ணே குடிப்பீங்கனு. கடை சாத்துனதும் ஒரு பன்னீர் சோடாவாம்.

வெள்ளி, காசிமேடு

காலைல ஆறு மணிக்கே காசிமேடு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, அதனால நான் கேள்விப்பட்டிருந்த அந்த ஏலக் கூச்சல் பாதி கூட இல்ல. லாஞ்சுங்க எல்லாம் வரிசையா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது, பெயின்ட் அடிக்கறாங்க, வலை பின்னறாங்க, எஞ்சின கழட்டி தரைல பரப்பி வச்சிருக்காங்க. பைபர் படகுல போனவங்க கொண்டாந்த நெத்திலி, சங்கரா, கொஞ்சம் இறால், அவ்ளோ தான். வெல அதிகம்.

ஆனா அண்ணன் என்ன கூட்டிட்டு வந்தது மீனுக்கு இல்ல, கூழுக்கு. மரத்தடில ஒரு அக்கா, பெரிய பானைல கேழ்வரகு கூழ், பக்கத்துல ஒரு குண்டான்ல மோரு, தட்டுல சின்ன வெங்காயம், மோர் மொளகா, மாங்கா கீத்து, பொரிச்ச கருவாடு. ஒரு சொம்பு வாங்கி நின்ன எடத்துலயே மடமடனு குடிச்சாரு, கண்ண மூடிக்கிட்டு. குடிச்சிட்டு அப்பறம் பேச ஆரம்பிச்சாரு, இத நான் கவனிச்சேன், நேத்து சொன்ன மாதிரி இதுவும் அவர ஒண்ணும் கேக்கல போல.

கூழ் எப்படி புளிக்குதுனு எனக்கு தெரியும்னு நெனச்சிருந்தேன், ராத்திரி கரைச்சு வச்சா காலைல புளிக்கும், அவ்ளோ தானே. அதுக்குள்ள நடக்கறது லாக்டிக் பாக்டீரியா வேலை. கேழ்வரகு மாவ தண்ணில கரைச்சு ஒரு ராத்திரி வைக்கறாங்க, மறுநாள் நொய்யோட சேத்து காச்சி ஆற விட்டு இன்னொரு ராத்திரி, அந்த நேரத்துல பாக்டீரியா மாவுல இருக்கற சர்க்கரைய லாக்டிக் ஆசிடா மாத்துது, தயிர்ல இருக்கற அதே புளிப்பு. சரி, ஒயினுக்கு வருவோம். ஒயின்லயும் லாக்டிக் பாக்டீரியாவுக்கு ஒரு வேலை உண்டு. திராட்சைல மாலிக் ஆசிட்னு ஒரு புளிப்பு இருக்கு, பச்ச ஆப்பிள கடிச்சா வர்ற கூர்மையான புளிப்பு, ஈஸ்ட் வேலை முடிஞ்சதும் ஒரு வகை பாக்டீரியா அத லாக்டிக்கா மாத்தி சாந்தமாக்கும், சிவப்பு ஒயினுக்கு பெரும்பாலும் இத நடக்க விடுவாங்க. வெள்ளை ஒயினுக்கு, அதுவும் நம்ம ஊர் வெயில்ல ஏற்கனவே புளிப்பு கம்மியா வர்ற பழத்துக்கு, நடக்கவே விடமாட்டாங்க. இதவிட பெரிய பயம் ஒண்ணு இருக்காம். சர்க்கரை இன்னும் மிச்சம் இருக்கறப்பவே, ஈஸ்ட் பாதில சோர்ந்து நின்னுட்டா, இந்த பாக்டீரியா உள்ள புகுந்து சர்க்கரைய தின்னுட்டு வினிகர் வாசனைய கெளப்பிடும், டேங்க் மொத்தமும் போச்சு.

"மூணு மாசமா எவன பாத்து பயந்துக்கினு இருந்தேனோ அவனத்தான்டா இப்ப சொம்புல குடிச்சிக்கினு கீறேன்"னாரு. அதுல ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சு அவரு மொகத்துல. இங்க புளிக்கறத தடுக்க வேணாம், அளக்க வேணாம், அக்கா பாத்துக்குவாங்க.

லுவார் பக்கம் பழைய ஆளுங்க அவருகிட்ட சொன்ன கதையும் இங்க தான் வந்துச்சு. முன்னாடி காலத்துல தோட்டத்துல வேலை பாக்கறவங்களுக்கு நல்ல ஒயின் கெடைக்காது, அது விக்கறதுக்கு. சாறு பிழிஞ்சு போட்ட சக்கைல தண்ணி ஊத்தி, அதுல ஒட்டிக்கிட்டிருக்கற கொஞ்ச நஞ்ச சர்க்கரைய புளிக்க விட்டு ஒரு தண்ணி எடுப்பாங்க, பிகெட்னு பேரு, லேசான ஆல்கஹால், லேசான புளிப்பு, வெயில்ல வேலை பாக்கறவன் தாகத்துக்கு அது தான். ரோமாபுரி காலத்துலயே இதுக்கு லோரானு பேரு, அறுவடை முடிஞ்ச மாசங்கள்ல தோட்டத்து அடிமைங்களுக்கு ஒயினுக்கு பதிலா இதத்தான் ஊத்துனாங்க. இப்ப சில கம்பெனிக பிகெட்ட பாட்டில்ல அடைச்சு நல்ல வெலைக்கு விக்கறாங்களாம். எனக்கு உடனே எங்க அப்பத்தா நீராகாரம் நெனப்பு வந்துச்சு, பழைய சோத்து தண்ணிய இப்ப பெரிய ஓட்டல்ல காசு குடுத்து வாங்கறாங்கல்ல. ஒயின் செய்யறவங்க என்ன குடிக்கறாங்கங்கற கேள்விக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல பதில் பிகெட் தான், இத நான் இதுக்கு முன்னாடி யோசிச்சதே இல்ல. செய்யறவன் வேற, குடிக்கறவன் வேறனு இருந்த காலம் அது.

கூழ் அக்கா கிட்ட கேக்காம வருவேனா. "நான் இன்னாத்த குடிக்கிறது, டீ தான். காலைலேர்ந்து கூழு மொகத்துலயே முழிச்சிக்கினு கீறேன், அத்தயே எங்க குடிக்கிறது"னாங்க.

சாயங்காலம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, ஜவுளிக் கூட்டத்துல நடக்கவே எடமில்ல, அண்ணன் ஒரு பொவன்டோ வாங்கி குடிச்சாரு. 1916ல ஆரம்பிச்ச காளிமார்க் கம்பெனியோட சரக்கு, திராட்சை வாசனை அடிக்கற கருப்பு கலர். ஒயின் மேக்கருக்கு இது புடிக்குமானு கேட்டேன், சின்ன வயசுலேர்ந்து குடிக்கிறேன் இதுல போய் இன்னா ஆராய்ச்சினு சொல்லிட்டு பாட்டில காலி பண்ணாரு.

சனி, பெரம்பூர்

இன்னைக்கு நடந்தது கொஞ்சம் பெருசா போகும், பொறுமையா படிங்க.

அண்ணனுக்கு ஸ்கூல்ல கணக்கு சொல்லிக் குடுத்த ஆன்ட்டி ஒருத்தங்க பெரம்பூர்ல இருக்காங்க, ஆங்கிலோ இந்தியன் குடும்பம், அவங்க அப்பா ரயில் பெட்டிய பழுது பாக்கற கேரேஜ் ஒர்க்ஸ்ல வேலை பாத்தவரு, வீட்டுக்காரரு ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப் பேக்டரில. பெரம்பூர்னாலே ரயில்வே தானே, 1955ல ஐசிஎஃப் தொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே லோகோ, கேரேஜ் ஒர்க்ஸ்னு ரயில் வேலைக்கு வந்து தங்குன ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க நெறைய இருந்த ஏரியா. இப்ப பாதி பேரு ஆஸ்திரேலியா, கனடா போயிட்டாங்க. ஆன்ட்டி போகல. லூர்து மாதா கோயிலுக்கு நடந்து போற தூரத்துல வீடு, வாசல்ல செம்பருத்தி, உள்ள பெரிய ஊஞ்சல்.

"வா மேன், உக்காரு, என்னா மேன் இப்டி எளைச்சிட்ட"னு அண்ணன புடிச்சுக்கிட்டாங்க.

இவரு ஒயின் வேலைக்கு போனதுக்கு வெதையே இந்த வீடு தான்னு இன்னைக்கு தான் எனக்கு தெரியும். ஆன்ட்டியோட அம்மா காலத்துல கிறிஸ்மஸுக்கு பன்னீர் திராட்சைய வாங்கி பீங்கான் ஜாடில சர்க்கரை, கோதுமை, பட்டை கிராம்பு எல்லாம் போட்டு துணி கட்டி வைப்பாங்களாம். பன்னீர் திராட்சைங்கறது நம்ம தேனி கம்பம் பள்ளத்தாக்கு பழம், மஸ்கட் ஹாம்பர்க்னு வகை பேரு, 1832ல ஒரு பிரெஞ்சு பாதிரியார் கொண்டு வந்ததா சொல்றாங்க, 2023ல புவிசார் குறியீடு கூட கெடைச்சுச்சு. வாசனை தூக்கும், ஆனா தோலு மெல்லிசு. ஆன்ட்டி அத செய்யறதில்ல. லைசென்ஸ் இல்லாம வீட்டுல ஆல்கஹால் இருக்கற எதையும் தயாரிக்கக் கூடாது, 1937ல வந்த மதுவிலக்கு சட்டம் அப்படி, டீச்சரா இருந்துட்டு நான் சட்டத்த மீற மாட்டேன்னு தெளிவா சொல்லிட்டாங்க. அவங்க செய்யறது இஞ்சி ஒயின். பேர்ல தான் ஒயின், புளிக்க வைக்கறதே இல்ல. இஞ்சிய நசுக்கி, காஞ்ச மொளகா, பட்டை, கிராம்பு போட்டு நல்லா கொதிக்க விட்டு வடிகட்டி, சர்க்கரை போட்டு, கொஞ்சம் சர்க்கரைய தனியா கருக்கி கலருக்காக ஊத்தி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாட்டில்ல அடைக்கறது. கிறிஸ்மஸ் சமயத்துல தெரு பூரா இவங்க கிட்ட தான் வாங்கும். நாங்க வர்றோம்னு ஒரு பாட்டில் செஞ்சு வச்சிருந்தாங்க.

சின்ன கிளாஸ்ல ஊத்தி குடுத்தாங்க. அண்ணன் கைக்கு கிளாஸ் வந்ததும் பழக்கதோஷம், லேசா சுழட்டுனாரு, மூக்க உள்ள வுட்டாரு, வெளிச்சத்துல தூக்கி பாத்தாரு, ஒரு வாய் எடுத்து வாய்க்குள்ளயே வச்சிக்கிட்டு யோசிச்சாரு. ஆன்ட்டி பொறுத்து பொறுத்து பாத்துட்டு, "குடி மேன், என்னா எக்ஸாமா எழுதற"னாங்க.

அண்ணன் சிரிச்சிட்டு மிச்சத்த ஒரே மடக்குல குடிச்சாரு. அப்புறம் தான் அவரு கொஞ்சம் மனசு வுட்டு பேசுனாரு. இந்த வேலைக்கு வந்ததுக்கு அப்புறம் எதையும் சும்மா குடிக்க முடியலியாம். கல்யாண வீட்டு ரோஸ் மில்க்ல எசன்ஸ் ஜாஸ்தினு தோணும், ரசத்துல புளி எந்த அளவுனு மனசு போகும். மூக்கு ஒரு தடவ தொறந்துட்டா மூடாது. அதனால தான் அவரு மாதிரி ஆளுங்க லீவுல தேடறது எல்லாம் அவங்களுக்கு அளக்க தெரியாத பானங்க, இல்லனா சின்ன வயசுலேர்ந்து குடிச்சு குடிச்சு அளவுகோலுக்கு வெளிய நிக்கற பானங்க. பீர், கூழ், பொவன்டோ, இஞ்சி ஒயின் எல்லாம் ஒரே வரிசைல வந்து நின்னுச்சு எனக்கு.

அப்ப ஒயினே குடிக்க மாட்டீங்களாண்ணேனு கேட்டேன். குடிப்பாரு, ஆனா சொந்த கம்பெனி ஒயின் கெடையாது. இத வீண் பெருமைனோ வெறுப்புனோ நெனச்சுக்காதீங்க, இதுக்கு தொழில்ல ஒரு பேரே இருக்கு, செல்லர் பேலட், செல்லர்னா ஒயின் வைக்கற கிடங்கு, பேலட்னா நாக்கு ருசி. தெனம் தன் ஒயினையே குடிச்சுக்கிட்டிருந்தா நாக்கு அதுக்கு பழகிடும், அதுல இருக்கற குத்தமும் ருசியா தெரிய ஆரம்பிச்சிடும். மணலி பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு காத்து திரும்பறப்ப வர்ற கெமிக்கல் வாசனை தெரியவே தெரியாது, வெளியூர்லேர்ந்து வந்த எனக்கு தான் மூக்கு எரியும், அந்த மாதிரி. பிரெட்னு செல்லமா சொல்ற பிரெட்டனோமைசிஸ், அது ஒரு ஈஸ்ட், பீப்பாய்க்குள்ள பூந்துடுச்சுனா குதிரை லாயம், பிளாஸ்திரி வாசனையெல்லாம் வரும். சில செல்லர்ல அது வருஷக்கணக்கா இருக்கும், உள்ள வேலை பாக்கறவங்களுக்கு மட்டும் தெரியாது. அதனால மத்தவங்க ஒயின வாங்கி குடிக்கறது அவங்களுக்கு பொழுதுபோக்கும் தான், நாக்க கழுவிக்கறதும் தான். லுவார்ல பக்கத்து பக்கத்து தோட்டக்காரங்க சாயங்காலம் பாட்டில மாத்திக்குவாங்களாம், ஒன்னோடது எனக்கு, என்னோடது ஒனக்கு, லேபிள் ஒட்டாத பாட்டிலு. முழுசா உண்மைய சொல்லற கூட்டம் அது தான்னு அண்ணன் சொன்னாரு, விமர்சகர் கூட மரியாதைக்கு ரெண்டு வார்த்த நல்லதா எழுதுவான், பக்கத்து தோட்டக்காரன் எழுத மாட்டான்.

ஆன்ட்டி இதெல்லாம் ஊஞ்சல்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாங்க. நீங்க என்ன ஆன்ட்டி குடிப்பீங்கனு கேட்டதுக்கு, "டிசம்பர் மாசம் பூரா இஞ்சி, சர்க்கரை, இஞ்சி, சர்க்கரை, முடி கூட இஞ்சி வாசம் அடிக்கும் மேன். எனக்கு உப்பு போட்ட லெமன் சோடா தான்"னாங்க. இனிப்புலயே முங்கி கெடந்த நாக்குக்கு உப்பு கேக்குது, புளிப்புலயும் துவர்ப்புலயும் முங்குன நாக்குக்கு கசப்பு கேக்குது. ஆன்ட்டி கணக்கு டீச்சர், இதையும் ஒரு கணக்கா தான் சொன்னாங்க, எது ஜாஸ்தியாச்சோ அத கழிக்கணும்னு.

ஞாயிறு, எண்ணூர் பக்கம்

வெயில் தாங்கல. காலைலயே பைக்க எடுத்துக்கிட்டு திருவொற்றியூர் தாண்டி, எர்ணாவூர் தாண்டி எண்ணூர் கழிமுகம் வரைக்கும். ஒரு பக்கம் சிம்னிங்க, ஒரு பக்கம் கடலு. ரோட்டோரமா ஒருத்தரு நுங்கு வெட்டிக்கிட்டிருந்தாரு, பக்கத்துல பதநீர் கேன். பனை ஓலைல மடிச்சு குடுத்தாரு, உள்ள ரெண்டு நுங்கு.

அண்ணன் இதுக்கு மயங்கிட்டாரு. காரணம் அவரு வாயாலயே கேட்டா தான் புரியும். பனம் பாளைல வடியற சாறு பானைல விழுந்த நிமிஷத்துலேர்ந்து காத்துலயும் பானைலயும் இருக்கற ஈஸ்ட் அத கள்ளாக்க ஆரம்பிச்சிடும், சில மணி நேரத்துல கள்ளு. அது கள்ளாகக் கூடாதுனு தான் பானைக்கு உள்பக்கம் சுண்ணாம்பு தடவறாங்க, சுண்ணாம்பு காரம், சாறு காரமாயிட்டா ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் கை கட்டுன மாதிரி. தமிழ்நாட்டுல 1987லேர்ந்து கள்ளுக்கு தடை, அதனால நமக்கு பனைல கெடைக்கறது இது தான். "நான் சாற புளிக்க வைக்கறதுக்கு சம்பளம் வாங்குறவன், இவங்க புளிக்காம நிறுத்தி வைக்கிறாங்க, ஒரு விரல் சுண்ணாம்புல"னு சொல்லி இன்னொரு டம்ளர் கேட்டாரு. ஒயின் புளிக்கறத நிறுத்தணும்னா குளிர வைக்கணும், வடிகட்டணும், சல்பர் டை ஆக்சைடு போடணும், மெஷினு வேணும். அந்த மரியாத அவரு பேச்சுல இருந்துச்சு.

விக்கறவரு விழுப்புரம் பக்கம், சீசனுக்கு வந்து தங்கியிருக்காரு. அவரும் பதநீர் குடிக்கறதில்ல. மரத்துல ஏறி எறங்குனா வயித்துக்கு பழைய சோறு தான் கேக்குமாம்.

மதியம் தூங்கிட்டேன், வேற ஒண்ணும் இல்ல.

திங்கள், வியாசர்பாடி மொட்டை மாடி

கடைசி ராத்திரி. அண்ணனோட பிரெண்டு வீட்டு மொட்டை மாடி, கீழ தெருவுல பசங்க லைட்டு வெளிச்சத்துல புட்பால் ஆடறாங்க, அந்த சத்தம் மேல வரைக்கும் வருது. ஒயின டாஸ்மாக்ல தான் வாங்கணும், 2003லேர்ந்து தமிழ்நாட்டுல சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கம் தான், மதியம் 12 மணிக்கு தொறந்து ராத்திரி 10க்கு சாத்திடுவாங்க. அண்ணன் எலைட் கடைல போயி மூணு வேற வேற கம்பெனியோட செனின் பிளாங்க் வாங்குனாரு, அதுல ஒண்ணு அவரு கம்பெனி. பிரெண்டு பாட்டில்ங்கள தந்தி பேப்பர்ல கழுத்து வரைக்கும் சுத்தி நம்பர் போட்டு வச்சிட்டாரு, எது எதுனு அண்ணனுக்கு தெரியாது. டவல்ல சுத்தி பெட்டிக்குள்ள வச்சு கொண்டாந்த ரெண்டு டேஸ்டிங் கிளாஸ் வெளிய வந்துச்சு.

இது அவரு சொந்த நேரம் தான், லீவு தான், ஆனாலும் இத வேலைனு அவரு சொல்லல. ஆசையா பண்ணாரு. ஒவ்வொண்ணையும் மோந்து, வாய்ல வச்சு, வாளில துப்பி, போன்ல குறிச்சு வச்சாரு. ரெண்டாம் நம்பர ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. "இது நல்லா கீது, ஆனா பழ வாசனை சீக்கிரம் எறங்கிடுச்சு, பாட்டில்ல அடைக்கறப்ப காத்து பட்டிருக்கும்"னாரு. பேப்பர உரிச்சா அவரோட ஒயின். ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் போன்ல இன்னும் ரெண்டு வரி சேத்து எழுதிக்கிட்டாரு, அடுத்த பாட்டிலிங்ல எதெல்லாம் செக் பண்ணணும்னு. எனக்கு அவரு மேல அந்த நேரத்துல வந்த மரியாத ரொம்ப பெருசு. ஊருக்கு வந்து, மொட்டை மாடில, யாரும் பாக்காத எடத்துல தன் சரக்கோட குத்தத்த தானே கண்டுபுடிக்கற மனுஷன் கிட்ட நம்பி எதையும் வாங்கலாம்.

மத்த ஊர்ல ஒயின் மேக்கருங்க என்ன குடிப்பாங்கனும் கேட்டேன், அது எழுதாம விட முடியாது. காசு இருந்தா ஷாம்பெயின். அது பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவ புளிச்சு 5, 6 வளிமண்டல அழுத்தத்துல கேஸ அடக்கி வச்சிருக்கற ஒயின், நுரையும் புளிப்பும் சேந்து களைச்ச நாக்க கழுவி விடும், பீர் பண்ற வேலைய கொஞ்சம் பணக்காரத்தனமா பண்ணும். அதுக்கப்புறம் ஜெர்மனி பக்கத்து ரீஸ்லிங், பெரும்பாலும் ஓக் பீப்பாய் வாசனை ஒட்டாத ஒயின், மேக்கப் இல்லாம மண்ணும் பழமும் அப்படியே தெரியும், தப்பு பண்ணிருந்தா ஒளிக்க எடமே இல்ல, அதனால தொழில் தெரிஞ்சவங்களுக்கு அது மேல ஒரு காதல். லேசா, சில்லுனு குடிக்கணும்னா கேமே திராட்சைல செஞ்ச சிவப்பு. ஸ்பெயின்ல பினோ ஷெர்ரி இருக்கு, பீப்பாய்ல முழுசா ரொப்பாம எடம் விட்டு வச்சு, மேல ஈஸ்ட்டு ஒரு ஏடா படர்ந்து ஒயின காத்து படாம காப்பாத்தும், 15 சதவீதம் ஆல்கஹால், சொட்டு இனிப்பு கெடையாது, ஒரு உப்பு காத்து வாசனை அடிக்குமாம். காசிமேட்டுல நின்னுக்கிட்டு குடிக்க வேண்டியதுடா அதுனு சொன்னாரு. எனக்கு இதுல எதுவும் குடிச்சு பாக்க வாய்ப்பு இல்ல. ஆனா பட்டியல கேட்டா ஒண்ணு தெரியுது, இவங்க யாரும் கனமான, ஓக் அடிச்ச, பெரிய வெல போட்ட சிவப்பு ஒயின தேடி போகல. அதெல்லாம் நாம வாங்கறது.

சாப்பாட்டுக்கு பைபர் படகு நெத்திலி, மொறுமொறுனு வறுத்து. மீதி செனின் பிளாங்க்க இப்ப துப்பாம குடிச்சாரு, அவரோடது இல்லாத மத்த ரெண்டும். எண்ணெய்க்கும் மொளகாய்க்கும் அந்த புளிப்பு நல்லாவே எடுத்துக்கிச்சு.

நாளைக்கு மும்பை ரயில். ஏப்ரல் கவாத்து அங்க ஆரம்பிச்சாச்சு, அவரு போயே ஆகணும். வீட்டுக்கு வந்து பெட்டி கட்டறப்ப பெரியம்மா ரெண்டு கிலோ கேழ்வரகு மாவும் ஒரு டப்பா மோர் மொளகாயும் எடுத்து வச்சாங்க, அண்ணன் தான் கேட்டிருக்காரு. அடுத்த அறுவடைல ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்ற ஆளுங்களுக்கு காலைல பத்து மணிக்கு பீருக்கு பதிலா ஒரு சொம்பு கூழ் குடுக்கணும்னு அவருக்கு ஒரு யோசனை. பிப்ரவரில நாசிக்ல விடியக்காலை நல்ல குளிரு, கூழு ஒழுங்கா புளிக்காதேனு பெரியம்மா சொன்னாங்க. புளிக்கற சிவப்பு ஒயின் டேங்க் 25லேர்ந்து 30 டிகிரி சூட்டுல இருக்கும்ணே, அதுக்கு பக்கத்துல பானைய வச்சா என்னனு நான் கேட்டேன்.

"ஐய, டேங்க் பக்கத்துல லாக்டிக் பாக்டீரியாவா? வேணவே வேணாம்டா"னு பதறிட்டாரு. "கேன்டீன்ல, அடுப்பு பக்கத்துல வச்சிக்கிறேன்."

பெரியம்மா மாவு பொட்டலத்துக்கு மேல இன்னொரு கவர் சுத்தி கட்டுனாங்க.